பல்லுக்கு ஆணி வைத்த பியர் போஷார்

அந்தக் காலத்துப் பாரிஸ் நகரில் பல்வலி வந்தவன் பாடு திண்டாட்டம்தான். அவனைத் தரையில் உட்கார வைப்பார்கள். தலையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பல்லைப் பிடுங்குவார்கள். பல்லைப் புழு அரிப்பதுதான் வலிக்குக் காரணம் என்பார்கள்.

இந்த நிலையை மாற்றியவர் பியர் போஷார். பிரான்சில் பிறந்தவர். 15 வயதில் கடற்படையில் சேர்ந்து, வைத்தியரிடம் தொழில் கற்றார். காய்கறியைக் கண்ணால் காணாத மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடி விழும். அங்கேதான் அவர் மனம் பல் வைத்தியத்தில் பதிந்தது.

பிறகு பாரிசுக்கு வந்தார். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்தார். மைக்ராஸ்கோப் வைத்துப் புழுவைத் தேடினார். புழு இல்லை!

பல்லின் தலை உடைந்து, வேர் மட்டும் நின்றால் என்ன செய்வது? வேரைப் பிடுங்காமல், அதன் நடுக் குழியைச் சுத்தம் செய்து, தங்கத்தாலோ வெள்ளியாலோ ஆன ஆணியைச் செருகினார். அதன் மேல் பொய்ப்பல்லைப் பொருத்தினார். ஆணி கழன்றுவிட்டால் பாடெல்லாம் வீண். அதற்காக அரக்கு, டர்பன்டைன், வெள்ளைப் பவழத்தூள் சேர்த்து, சூட்டில் இளகும் பசை செய்தார். இப்படி வைத்த பற்கள் 15, 20 ஆண்டுகள் வரை நின்றது உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார்.

தொழில் ரகசியத்தைப் பொத்தி வைத்த காலம் அது. போஷாரோ பசைக்கான பக்குவம் முதற்கொண்டு எல்லாவற்றையும் 1728-ல் இரண்டு பாகமாக அச்சிட்டுவிட்டார். வாய் கொப்பளிக்கச் சொந்தச் சிறுநீரே நல்லது என்றும் அதில் எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கும் சறுக்கல் உண்டு!

1761-ல் பாரிசில் அவர் காலமானார். மகன் பல் பக்கம் போகவில்லை, நாடக நடிகரானார்.

ஆணி மட்டும் நிலைத்தது. 1955-ல் அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர், பல்லின் மேற்பரப்பில் பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் தடவினால் அது சொரசொரப்பாகிப் பசை நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1990-க்குப் பின் உலோகத்துக்குப் பதிலாகக் கண்ணாடி இழை ஆணிகளும் வந்தன. இவற்றின் வழவழப்பில் பசை எளிதில் ஒட்டாது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவினால் மேலே இருக்கும் பிசின் கரைந்து இழைகள் வெளியே தெரியும். பிறகு சிலேன் என்ற திரவத்தைப் பூசுவார்கள். அதன் ஒரு முனை கண்ணாடியையும், மறுமுனை பசையையும் பற்றிக்கொள்ளும். வேகம் அதிகமான ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைத் தடவினாலோ, இழையே அரித்துப்போய் ஆணி வலுவிழந்துவிடும்.