விபுலாநந்த அடிகளும் பாலைத் திரிபும்

மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன், அறிவியல் பயின்று ஆசிரியப் பணியாற்றியவர். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் எனப் பெயர் பெற்றார்; 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். வழக்கொழிந்த யாழின் இசையைச் சிலப்பதிகாரத்தாலும் அதன் உரைகளாலும் மீட்டறிய இயலுமா என்னும் வினா அவரது பிற்கால வாழ்வை ஆட்கொண்டது.

அதற்கு வாயிலாக அமைந்தது பாலைத் திரிபு. ஏழு நரம்புகளின் சுருதி மாறாதிருக்க, குரலாகக் கொள்ளும் நரம்பு மாறினால் வேறொரு பாலை பிறக்கும். செம்பாலையை அரிகாம்போதியாகக் கொண்டால், அதன் உழை குரலாகச் சங்கராபரணத்தை ஒத்த அரும்பாலையும், துத்தம் குரலாக நடபைரவியை ஒத்த படுமலைப்பாலையும் தோன்றும். மேலையிசையார் ஒரே ஏழு சுரங்களுக்குரிய மேஜர், மைனர் என இணைத்துரைக்கும் உறவும் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ளதே. சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதார சட்சமாக்கிப் பாடுவோர் இதனைச் செவியாலேயே உணர்வர்.

உரைகாரர் சொற்குறிப்புகளை அடிகள் கணிதத்தால் அளந்து ஆராய்ந்தார். அதன் பயனாகிய யாழ்நூலில் பாலைத்திரிபியல் தனி இயலாக அமைந்தது. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. ஜூலை 19இல் அடிகள் மறைந்தார். எழும் ஐயங்களுக்கு விடை கூற அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. செம்பாலை எது என்பதில் அறிஞர் வேறுபடலாம். ஏட்டுச்சொல்லை ஒலியளவால் சோதிக்கும் அவர் நெறி அவ்வேறுபாட்டைக் கடந்து நிற்கிறது.