ஜோன் பெல்லின் ஓய்வுநேர ஆராய்ச்சி

1928ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில், எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர் ஜோன் ஸ்ருவேட் பெல். நான்கு பிள்ளைகளுள், பதினான்கு வயதுக்கு மேலும் பள்ளியில் நீடிக்கும் பேறு அவருக்கே வாய்த்தது. பதினாறாம் வயதிற் படிப்பு முடிந்தது; சர்வகலாசாலை புகுதற்கு வயது போதவில்லை. ஆகவே, குயின்ஸ் சர்வகலாசாலையின் பௌதிக ஆய்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். அங்கிருந்த பேராசிரியர்கள் அவருக்கு நூல்களை இரவல் கொடுத்தனர். அவர்கள் கதவை அடைத்திருப்பின், இக்கட்டுரைக்கே இடமிராது.

மாணவப் பருவத்திலேயே குவாண்டம் கொள்கையின் அடிப்படை அவர் மனத்தை உறுத்தியது. ஒருங்கே தோன்றிய இரு துணிக்கைகள் எத்துணைத் தூரம் பிரிந்தாலும், ஒன்றை அளந்த மாத்திரத்தே மற்றதன் நிலையும் தெரியவருகின்றது. துணிக்கைகளின் இப்பின்னலை 1935இல் ஆராய்ந்த ஐன்ஸ்ரைனும் துணைவர் இருவரும், குவாண்டம் கொள்கை நிறைவற்றதென வாதித்தனர். விடை முன்பே துணிக்கைகளுள் மறைந்திருத்தல் வேண்டுமென்பது அவர்கள் வாதத்தின் போக்கு. பெரும்பாலோர் அதனை வெறுந் தத்துவ விசாரமென ஒதுக்கினர்.

பெல்லுக்குச் சோறிட்ட தொழிலோ வேறு. முதலில் இங்கிலாந்திலும், 1960 முதல் ஜெனீவாவின் சேர்ண் நிலையத்திலும், துணிக்கை முடுக்கிகளைப் பற்றிய ஆராய்ச்சி. மனைவி மேரியும் அத்துறையினரே. பழைய உறுத்தல் ஓய்வுநேரத்துக்குரியதாயிற்று. 1964இல், அமெரிக்காவிற் கழித்த விடுமுறை ஆண்டிலே, அது கணக்காக உருப்பெற்றது. விடைகள் முன்பே மறைந்திருப்பின், இங்கு செய்யும் அளவீடு அங்குள்ளதைத் தீண்டாதெனின், இருபுற விடைகளின் இணக்கம் ஓர் எல்லையைத் தாண்டலாகாது. குவாண்டம் கொள்கைப்படியோ தாண்டியே தீரும். ஆகவே, வழக்கை ஆய்கூடமே தீர்க்கலாம்! அதை வெளியிட்ட சஞ்சிகை சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

பெல்லின் நெஞ்சு ஐன்ஸ்ரைன் பக்கமே சாய்ந்திருந்தது. தாம் விரும்பிய கட்சி தோற்பதற்கான அளவுகோலைத் தாமே வார்த்துக் கொடுத்தார் என்பதே அவர் பெருமை. 1972இல் கிளவுசரும் பிரீட்மனும், 1982இல் பிரான்சில் அஸ்பேயும் அளந்தனர்; எல்லை மீறப்பட்டது.

இப்பின்னலாற் செய்தி அனுப்பலாமென மயங்குவோர் உளர், அது இயலாது. ஆயினும் அதற்கு வேறு பயனுண்டு. தரவு மூவரிடம் பிரிந்து கிடக்க, அவர்கள் கூடி ஒரு கணக்கை முடிக்க வேண்டுமென வைத்துக்கொள்வோம். பொதுவாக 3 பிட் செய்தி பரிமாறவேண்டிய அத்தகைய கணக்கொன்றுக்கு, பின்னிய துணிக்கைகளை முன்கூட்டியே பகிர்ந்தவர்க்கு 2 பிட் போதுமென்று 1997இல் கிளீவும் பூர்மனும் நிறுவினர். மிச்சம் ஒரே பிட்தான்; ஆனால் எந்தச் சிக்கனத்தாலும் பெறமுடியாதென்றிருந்த பிட் அது.

பெல் அதைக் காணவில்லை. 1990 ஒக்ரோபர் 1ஆம் நாள், மூளையிற் குருதி கசிந்து, ஜெனீவாவில் திடீரென மறைந்தார். 2022இல் அப்பரிசோதனைகளுக்காகக் கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் ஆகிய மூவர் நோபெல் பரிசு பெற்றனர். இறந்தோர்க்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை.