தேசம் பட்ட கடன்

உயிரோடிருக்கும் வீரனுக்குப் பதக்கம் சூட்டுவது எளிய காரியம். அவன் முகமலர்ச்சியைக் கண்டு நாமும் மகிழலாம். போர்க்களத்தில் மாண்டவனுக்குச் செய்யும் மரியாதையோ அத்தகையதன்று. அதை அவன் அறியான். அதனால் அவனுக்கு எய்தும் லாபமும் யாதொன்றுமில்லை. அப்படியிருந்தும் சுதந்திர தேசங்கள் அதை ஏன் தவறாமல் செய்கின்றன? இக்கேள்வி எழும்போதெல்லாம் மேஜர் சோம்நாத் சர்மாவின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகிறது. பரம வீர சக்கரம் பெற்றோர் வரிசையில் முதல்வர் அவர். ஆனால் அவர் உயிர் நீத்த தினத்தில் அப்பெயருடைய பதக்கமே பாரத நாட்டில் இருக்கவில்லை.

காங்க்ரா பிரதேசத்தில் 1923-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி பிறந்தவர் சோம்நாத். தந்தையார் அமர்நாத் சர்மா, ராணுவ வைத்திய இலாகாவில் மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். தாய்மாமன் ஒருவர் மலேயாவில் ஜப்பானியருடன் பொருது மாண்டவர். சோம்நாத் நைனிதாலிலும் டேராடூன் ராணுவக் கல்லூரியிலும் பயின்று, 1942 பிப்ரவரியில் ஹைதராபாத் ரெஜிமெண்டின் எட்டாவது பட்டாளத்தில் அதிகாரியானார். பிற்காலத்தில் குமாவோன் நான்காவது பட்டாளம் எனப் பெயர் பெற்றது இதுவே. பர்மாவில் அரக்கான் போரில், பின்னாளில் இந்திய சேனைக்கே தலைமை வகித்த திம்மய்யாவின் கீழ் இவர் பணிபுரிந்தார். ஆங்கே காயமுற்றுப் பின்தங்கிய தம் ஏவலாளைக் கைவிட மனமின்றித் தோளில் சுமந்து வந்தார் என்பர். அன்று அவர் அணிந்திருந்தது அந்நிய ஏகாதிபத்தியத்தின் உடுப்பு. தம் சொந்த நாட்டுக்காகப் போர் புரியும் பாக்கியம் அவருக்கு மூன்று வருஷங்கள் கழித்தே வாய்த்தது.

1947 அக்டோபர் 22-ந் தேதி பாகிஸ்தான் பக்கத்திலிருந்து ஆயுதந் தாங்கிய கூட்டத்தார் காஷ்மீருக்குள் புகுந்தனர். 26-ந் தேதி மகாராஜா இந்தியாவுடன் இணையும் பத்திரத்தில் கையொப்பமிட்டார். மறுநாளே நமது துருப்புக்கள் விமானங்களில் சென்று ஸ்ரீநகரில் இறங்கத் தொடங்கின. விமான நிலையம் பகைவர் வசமானால் துருப்புக்களைத் துரிதமாய்க் கொண்டு சேர்க்க வேறு மார்க்கமில்லை, பள்ளத்தாக்கே பறிபோயிருக்கும்.

சோம்நாத்தின் இடக்கை அச்சமயம் எலும்பு முறிந்து மாவுக் கட்டில் இருந்தது. ஹாக்கி ஆட்டத்தில் நேர்ந்த விபத்து அது. போருக்குப் போகாமல் தங்கிவிட அவருக்கு நியாயமான முகாந்தரம் இருந்தது. எவரும் குறை கூறியிருக்க மாட்டார். தம் கம்பெனி போகுமிடத்துக்குத் தாமும் போகவேண்டுமென்று மன்றாடி அனுமதி பெற்றார்.

நவம்பர் 3-ந் தேதி, விமான நிலையத்துக்குச் சில மைல் தொலைவிலுள்ள பட்காம் கிராமத்தைக் கண்காணிக்க அவரது கம்பெனி அனுப்பப்பட்டது. பிற்பகலில் ஊருக்குள்ளிருந்து துப்பாக்கிகள் முழங்கின. திருப்பிச் சுட்டால் குற்றமற்ற குடிமக்கள் மடிவரே என்று அவர் தயங்கினார். அதற்குள் நூற்றுக்கணக்கான பகைவர் மற்றப் பக்கங்களிலிருந்து சூழ்ந்து கொண்டனர். ஒருவருக்கு எழுவர் என்ற கணக்கில் நடந்த போர் அது. தாம் பின்வாங்கினால் விமான நிலையத்துக்கு வழி திறந்துவிடும் என்பதை அவர் அறிவார். குண்டு மழையினூடே திறந்த வெளியில் ஓடித் தம் வீரரை ஊக்கினார். நமது விமானங்களுக்குப் பகைவர் இருக்குமிடத்தைக் காட்டத் துணி அடையாளங்களை விரித்தார். வீரர் தொகை குறையக் குறைய, கட்டுப் போட்ட கையுடனேயே தோட்டாக்களை நிரப்பி இயந்திரத் துப்பாக்கிக்காரரிடம் கொடுத்து வந்தார். எதிரி மிக அண்மையில் நெருங்கிவிட்டதையும், தாம் ஓர் அங்குலமும் பின்வாங்கப் போவதில்லை என்பதையும் தலைமை முகாமுக்குத் தெரிவித்தார். சற்று நேரத்தில் மார்ட்டர் குண்டொன்று அருகிலிருந்த வெடிமருந்துக் குவியலில் வீழ்ந்தது. அவ்விடத்திலேயே உயிர் பிரிந்தது. வயது இருபத்துநான்கு.

தலைவர் மாண்ட பின்னரும் அவர் வீரர்கள் கலைந்தோடவில்லை. அவர்கள் பொருது ஈட்டித் தந்த அவகாசத்தில் உதவிப் படை வந்து அரண் கொண்டது. விமான நிலையம் பிழைத்தது. மூன்று தினங்களுக்குப் பின் அவர் உடல் கிடைத்தபோது, கைத்துப்பாக்கியின் தோலுறையையும் சட்டைப் பையிலிருந்த பகவத் கீதையின் ஏடுகளையும் கொண்டே இன்னார் என அடையாளம் கண்டனர்.

1950 ஜனவரி 26-ந் தேதி பாரதம் குடியரசாயிற்று. அன்றே பரம வீர சக்கரமும், 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லுபடியாகுமாறு, ஏற்படுத்தப்பட்டது. முதற் பதக்கம் சோம்நாத்துக்கு அளிக்கப்பட்டது. மகனுக்குரியதைத் தந்தையார் பெற்றுக் கொண்டார். பதக்கத்தின் உருவை வகுத்தவர் ஸ்விட்ஜர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட சாவித்ரி கானோல்கர் அம்மையார். சோம்நாத்தின் சகோதரர் ஒருவர் அவ்வம்மையாருக்கு மருமகனாக வாய்த்தது விசித்திரமான சம்பந்தமே. இந்திரனின் வச்சிராயுதத்தை அவர் அதில் பொறித்தார். தேவர்களைக் காக்கத் ததீசி முனிவர் உயிர் துறந்து ஈந்த எலும்பால் ஆனது அவ்வாயுதம் என்பது புராணம். முறிந்த எலும்புடன் களம் புகுந்தவருக்கு இதனினும் பொருத்தமான சின்னம் வேறு உண்டோ?

பின்னர் எண்ணெய்க் கப்பலொன்று அவர் பெயர் தாங்கிக் கடலில் உலவியது. 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் இடப்பட்டது. இவை யாவும் தக்கனவே. எனினும் பட்காம் களத்தில் அவருடன் வீழ்ந்த வீரர் இருபதுக்கு மேற்பட்டவர். அவர்களில் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? தலைவருக்குச் சூட்டிய மாலை அவர்களையும் சேர்ந்ததென்று கொள்வதே நீதி.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. கூலிக்குப் போரிடுவோன் கணக்கு அவன் இருக்கும்போதே தீர்ந்துவிடும். பதக்கமில்லாத நாளில், பரிசை எண்ணாமல் உயிரைக் கொடுத்தவனுக்கு நாடு கடன்பட்டு விடுகிறது. மாண்ட பின் செய்யும் மரியாதை தானமன்று. அக்கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கும் சீட்டு. சீட்டு எழுதிக் கொடுத்ததனாலேயே கடன் தீர்ந்துவிடுவதில்லை. வீழ்ந்தவரின் குடும்பங்கள் வாடாமல் காப்பதும், அவர்கள் காத்துத் தந்த சுதந்திரத்துக்குத் தகுதியுடையோராய் வாழ்வதும் உயிரோடிருக்கும் நம் ஒவ்வொருவர் பொறுப்பாகும்.