எர்ணஸ்ட் ஹென்றி வில்சன்

எர்ணஸ்ட் ஹென்றி வில்சன் (பெப்ரவரி 15, 1876 – அக்டோபர் 15, 1930) இங்கிலாந்தில் பிறந்த தாவரவியலாளர் ஆவார். பர்மிங்காம், கியூ தாவரவியல் பூங்காக்களில் பணியாற்றிய பின் 1899 இல் செடிகளைச் சேகரிக்கச் சீனா சென்றார். அங்கு 1910 இல் நிலச்சரிவில் சிக்கிக் கால் முறிந்ததால், பிற்காலம் முழுவதும் சற்று நொண்டியே நடந்தார்.

சீனப் பயணங்களே அவருக்குப் புகழ் தேடித்தந்தன. எனினும் யப்பானியச் செர்ரி பற்றிய அவரது ஆய்வும் அதற்குக் குறைந்ததன்று. அமெரிக்காவின் ஆர்னால்டு மரத்தோட்டத்துக்காக அவர் 1914 இல் யப்பான் சென்றார். அங்கு எங்கும் நடப்பட்டிருந்த சொமெய்-யோசினோ என்னும் அழகு மரத்தின் மூலம் எதுவெனத் தெளிவாகவில்லை. கொரியாவின் ஜெஜு தீவே அதன் தாயகம் என்றும் சிலர் கருதினர். வில்சனோ, 1916 இல் வெளியிட்ட நூலில், அதனை எடோ-இகான், ஒசிமா ஆகிய செர்ரிகளின் கலப்பினமாகக் கருதினார். இலை துளிர்க்கும் முன் பூப்பது முன்னதன் இயல்பு. பெரிய பூக்கள் பின்னதற்குரியவை. மரபணுச் சோதனை இல்லாத அக்காலத்தில் இது துணிவான ஊகமே.

1930 இல் மாசச்சூசெட்சில் நேர்ந்த மகிழுந்து விபத்தில் வில்சனும் அவர் மனைவியும் இறந்தனர். 1960களில் யப்பானிய மரபியலாளர் யோ தக்கெனக்கா, இவ்விரு செர்ரிகளையும் கலந்து வளர்த்து வில்சனின் கருத்துக்கு வலுச்சேர்த்தார். பின்னர் மரபணு ஆய்வுகளும் அதனை உறுதிசெய்தன. ஜெஜு தீவின் காட்டு மரம் வேறொரு கலப்பில் தோன்றியது என்பது 2018 இல் வெளியான ஆய்வின் முடிவு.