முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 – ஜூலை 22, 1968) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர்.

இளமையும் கல்வியும்

முத்துலட்சுமி புதுக்கோட்டையில் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். 1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பொதுவாழ்வு

சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

தங்கையின் மரணம்

இவருடைய தங்கை சுந்தரி மலக்குடற் புற்றுநோயால் 1923 இல் இறந்தார். தொடக்கத்தில் அந்நோய் சீதபேதி எனத் தவறாகக் கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மலத்துடன் இரத்தம் போதல் இரு நோய்களுக்கும் பொதுவான அறிகுறி ஆதலால் இத்தகைய தவறு நேர்வதுண்டு. மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலாமற் போனது முத்துலட்சுமியைப் பெரிதும் பாதித்தது. 1925 இல் இங்கிலாந்து சென்றபோது புற்றுநோய் மருத்துவத்திலும் பயிற்சி பெற்றார்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை

சென்னையில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் வலியுறுத்தினார். பின்னர் இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952 இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. இவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் இணைந்த மருத்துவர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

நோய் பற்றிய பிற்கால அறிவு

சுந்தரி நோயுற்ற காலத்தில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்கள் பரவும் முறை முழுமையாக விளங்கியிருக்கவில்லை. இந்நோய்கள் நிணநீர் முடிச்சுகளுக்கும், இரத்தத்தின் வழியே கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றுக்கும் பரவக்கூடியவை. இப்பரவலில் உடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்கு இருவகைப் பங்கு உண்டு. டி உயிரணுக்கள் புற்றணுக்களை இனங்கண்டு அழிக்கின்றன. கட்டியினுள் இவை மிகுந்திருந்தால் நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு குறைவு என்பதை 2006 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு வெளியிட்டது. மாறாக, பெருவிழுங்கிகள் எனப்படும் உயிரணுக்களுட் சில, கட்டி வெளியிடும் வேதிப்பொருள்களால் இயல்பு மாறுகின்றன. அவை புதிய இரத்தக் குழாய்கள் உருவாகவும், சுற்றியுள்ள திசு சிதையவும் துணைபுரிந்து, புற்றணுக்கள் வெளியேற வழிசெய்கின்றன. இவ்வறிவின் பயனாக நோயெதிர்ப்புச் சிகிச்சை வளர்ந்துள்ளது. எனினும் பெருங்குடற் புற்றுநோயாளர்களுள் குறிப்பிட்ட மரபணுத் தன்மை கொண்ட சிறுபகுதியினருக்கே அது இதுவரை பெரும்பயன் தந்துள்ளது. ஆகவே, பரவுமுன் நோயைக் கண்டறிவதே இன்றும் முதன்மையானது.

சிறப்புகள்

இந்திய அரசு 1956 இல் பத்மபூஷண் விருது வழங்கியது. தமிழ்நாடு அரசின் மகப்பேறு உதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.