வீட்டினுள்ளே ஓர் எழுத்துச்சாலை: வை.மு. கோதைநாயகி அம்மாள்

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்து வாழும் மீனவச் சிற்றூர்களுள் பசியாவரமும் ஒன்று. நம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் திருமணத்திற்குப்பின் அவ்வூரில் வாழ்ந்து வருகின்றார். அண்மையில் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. கணவர் வலையோடு படகேறிச் சென்றபின், சமையலும் பிள்ளைகளின் தேவைகளும் முடிந்து எஞ்சும் சிறுபொழுதில் தாம் கதைகள் எழுதுவதாகத் தெரிவித்திருந்தார். வெளியே சென்று பணிபுரியத் தமக்கு வாய்ப்பில்லை என்றும், வீட்டிலிருந்தபடியே எழுத்தைத் தொழிலாகக் கொண்டு ஒரு பெண் நிலைபெற முடியுமா என்றும் கேட்டிருந்தார். அறிவுரை கூறுவதினும் ஒரு வாழ்க்கையை எடுத்துக்காட்டுவதே தக்க விடையாகும் என்று கருதினோம். அம்மடலுக்கு நாம் எழுதிய மறுமொழியின் விரிவே இக்கட்டுரை.

செங்கற்பட்டு மாவட்டமாக அந்நாளில் விளங்கிய பகுதியில், காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள நீர்வளூரில், 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் கோதைநாயகி பிறந்தார். தந்தையார் வேங்கடாச்சாரியார், தாயார் பட்டம்மாள். குழந்தைக்கு ஓராண்டு நிறையும் காலத்திலேயே தாயார் மறைந்தார். பாட்டியும் உறவினரும் வளர்த்தனர். அக்கால வழக்கப்படி 1907ஆம் ஆண்டில், ஐந்தரை வயதில், சென்னைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த பார்த்தசாரதிக்கு மணம் செய்விக்கப்பட்டார். பள்ளிக்கூடம் சென்று முறையாகக் கல்வி கற்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

ஆயினும் கதை சொல்லும் ஆற்றல் அவரிடம் இயல்பாகவே அமைந்திருந்தது. குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு புதிது புதிதாகக் கதை புனைந்து கூறுவார். கணவர் அவரை நாடகங்கள் காண அழைத்துச் சென்றார். மேடையிற் கண்டவை மனத்திற் பதிந்து, தாமும் ஒரு நாடகம் இயற்றவேண்டும் என்னும் வேட்கையை எழுப்பின. ஆனால், எண்ணியதைத் தாளில் வடிக்கும் அளவிற்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுதினாள். தாயின் பெயரே தோழிக்கும் அமைந்தது, அவளும் பட்டம்மாளே. இவ்வாறு உருவான ‘இந்திர மோகனா’ என்னும் நாடகம் அச்சேறியது. தமிழில் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் படைத்தவரின் முதல் நூல், பிறர் கையால் எழுதப்பட்டது என்பது மாணவர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும். கையெழுத்துக் கைவராமையை அவர் தடையாகக் கருதவில்லை. கிடைத்த துணையைக்கொண்டு பணியைத் தொடங்கினார். எழுதக் கற்றுக்கொண்டது அதன் பின்னரே.

அடுத்துப் பிறந்தது ‘வைதேகி’ என்னும் நாவல். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருக்கு ஊக்கமளித்தார். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் இதழை எடுத்து நடத்தும் வாய்ப்பும் அவர்வழியே வந்தது. 1925ஆம் ஆண்டு முதல் அவ்விதழ் கோதைநாயகியின் ஆசிரியப் பொறுப்பில் வெளிவரலாயிற்று. ‘வைதேகி’ அதில் தொடராக வந்தது. பெண்கள் நாவல் படிப்பதே தீது என்று கருதிய இல்லங்கள் மிகுந்திருந்த அந்நாளில், ஒரு பெண் நாவல் எழுதுவதும் இதழ் நடத்துவதும் எத்துணை ஏச்சுக்கு ஆளாகியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதழ்ப்பணி என்பது ஓய்ந்த வேளையில் செய்யும் பொழுதுபோக்கன்று. திங்கள்தோறும் குறித்த நாளில் இதழ் வாசகர் கைக்குச் சென்றாக வேண்டும். தொடர்கதையின் அடுத்த பகுதி அதற்குமுன் எழுதப்பட்டாக வேண்டும். அச்சுப்படி திருத்தப்பட வேண்டும். சந்தாக் கணக்கும் அஞ்சலும் கவனிக்கப்பட வேண்டும். இவையனைத்தையும் தம் இல்லறக் கடமைகளோடு இணைத்தே அவர் நிறைவேற்றினார். பின்னர்ச் சொந்த அச்சகமும் அமைந்தது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் அவ்விதழோடு அவர் வாழ்வு பிணைந்திருந்தது. அவர் எழுதிய நாவல்கள் 115 என்பர். உள்ளக் கிளர்ச்சி வரட்டும் என்று காத்திருந்தவர் இத்தனை எழுதியிருக்க இயலாது. காத்திருந்த வாசகரே அவருக்குக் காலக்கெடு. அக்கெடுவே அவருடைய ஆக்கத்தின் ஊற்று எனலாம்.

வீட்டிலிருந்து எழுதியவர் வீட்டோடு அடங்கியவர் அல்லர். காந்தியடிகளைக் கண்டபின் பட்டாடையும் அணிகலனும் துறந்து கதர் உடுத்தினார். மேடையேறிப் பேசினார், தேசியப் பாடல்களை இனிமையாகப் பாடினார். அந்நியத் துணி மறுப்புப் போராட்டத்தில் ஈடுபட்டு 1932ஆம் ஆண்டில் சிறை சென்றார். அவர் சிறையிலிருந்த காலத்தில் இதழ் நின்றுவிடாமல் கணவர் காத்தார். அவரோ சிறையிலும் கதை எழுதுவதை நிறுத்தவில்லை. அடிகள் மறைந்த 1948ஆம் ஆண்டில் ‘மகாத்மாஜி சேவா சங்கம்’ நிறுவி, ஏழைப் பெண்களுக்குக் கைத்தொழில் கற்பித்தார்.

இவ்வாழ்வில் இழப்பும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏற்பட்ட தாள் பற்றாக்குறை இதழை நலிவித்தது. 1956ஆம் ஆண்டில் ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அத்துயரிலிருந்து அன்னையார் மீளவேயில்லை. நோயுற்று 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார். மறைவிற்குப்பின், அவருடைய ‘தயாநிதி’ என்னும் நாவல் 1966ஆம் ஆண்டில் ‘சித்தி’ என்னும் திரைப்படமாகி மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. எனினும், இலக்கிய வரலாற்று நூல்கள் பல அவருக்குச் சில வரிகளே ஒதுக்கின. மிகுதியாக எழுதியோர் ஆழமாக எழுதியிரார் என்னும் எண்ணமும், பெண்கள் விரும்பிப் படித்தவை இலக்கியமாகா என்னும் எண்ணமும் அதற்குக் காரணங்கள் எனத் தோன்றுகின்றது. அவர் நாவல்கள் அனைத்தும் ஒரே தரத்தன என்று நாமும் கூறோம். ஆனால், நாவல் படிக்கும் பழக்கத்தை அடுப்பங்கரை வரை கொண்டுசென்றவரின் பங்களிப்பைத் தரத்தால் மட்டும் அளந்துவிட இயலுமோ?

இதே காலத்தில் நாகூரில் மற்றொரு பெண்மணியும் வீட்டினுள்ளிருந்தே எழுதினார். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம் அவர்கள், 1938ஆம் ஆண்டில் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கிச் சிறப்பித்தார். திருவல்லிக்கேணியின் அக்கிரகார இல்லமும் நாகூரின் இஸ்லாமிய இல்லமும் ஒரே காலத்தில் எழுத்துச்சாலைகளாக விளங்கின என்பது, நம் கல்லூரி மாணவியர் நெஞ்சில் நிறுத்தத்தக்க உண்மையாகும்.

இனி, பசியாவரத்து மாணவிக்கு வருவோம். பழவேற்காட்டு ஏரி மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களை வலியோர் கவர்ந்துகொள்ளாவண்ணம், இன்ன நாளில் இன்னார் வலை இன்ன இடத்தில் என முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒருவருக்குரிய பாட்டில் மற்றொருவர் வலையிடுவதில்லை. ஏரியில் நிலவும் அந்நீதி வீட்டிற்குள் நிலவுகின்றதா? எழுதும் பெண்ணுக்கென்று ஒரு பொழுது, பிறர் புகாத ஒரு பாடு, ஒதுக்கப்படுகின்றதா? வீட்டிலிருப்பவர்தானே என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலையைச் சுமத்தினால் எழுத்து எங்ஙனம் முளைக்கும்?

கோதைநாயகியின் வெற்றிக்கு அவருடைய உழைப்பு ஒரு பாதி. எழுதித் தந்த தோழி, வழிகாட்டிய மூத்த எழுத்தாளர், சிறை சென்றபோதும் இதழைத் தாங்கிய கணவர் ஆகியோர் மறுபாதி. முதற்பாதியைப் பெண்களிடம் எதிர்பார்க்கும் நாம், மறுபாதியைத் தர மறந்துவிடுகின்றோம். இது மாணவியருக்குக் கூறுவதன்று. தந்தையரும் கணவன்மாரும் மாமியாரும் ஊர்ப் பெரியோரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தியாகும்.

ஆகவே, அம்மாணவிக்கு நாம் எழுதியது இதுவே: முடியும். முதலில் நாளுக்கு ஒரு மணி நேரத்தையேனும் உமது பாடாக வீட்டாரிடம் கேட்டுப் பெறுக. குறித்த நாளில் குறித்த பக்கம் முடித்தல் என்னும் கெடுவை உமக்கு நீரே விதித்துக்கொள்க. எழுதியதைப் படித்துக்காட்ட ஒரு தோழியைத் தேடுக. திரும்பி வந்த படைப்பைத் திருத்தி மீண்டும் அனுப்புக. வருவாய் விரைவில் வாராது. வந்தாலும் தொடக்கத்தில் சிறிதாகவே இருக்கும். அதுவரை குடும்பத்தின் வேறு வருவாயைக் கைவிட வேண்டா. தாள் தட்டுப்பாட்டில் ஓர் இதழே நலிந்த காலம் போய், கைப்பேசியிலேயே எழுதி அனுப்பும் காலத்தில் நீர் இருக்கின்றீர். ஏரியைப் பற்றியும், வலை பின்னும் கைகளைப் பற்றியும், காத்திருக்கும் கரையைப் பற்றியும் உம்மைப்போல் அறிந்து எழுத வல்லார் நகரத்தில் இலர்.

மறுமொழி வந்தது. மாமியார் மாலை வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இசைந்துள்ளாராம். அவருடைய பாடு தொடங்கிவிட்டது.