நாகபுரி ஆலை கண்ட ஜம்ஷெட்ஜி டாட்டா

தில்லியில் பயிலும் தமிழ் மாணவர் யாவரும் நாகபுரியை அறிவர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மைச் சுமந்து வரும் தமிழ்நாடு விரைவு வண்டியும் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியும் அந்நிலையத்தில் நின்றே செல்கின்றன. ஆரஞ்சுப் பழம் வாங்குகிறோம், தேநீர் அருந்துகிறோம், வண்டி புறப்பட்டு விடுகிறது. நல்ல வேலை என்பது எது, நல்ல மேலாளர் என்பவர் யார் என்னும் வினாவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வூரில் ஒருவர் விடை தேடினார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவரே ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா.

அவரைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் குடியிருக்கும் ஜனக்புரியில் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர்கள் பலர் வாழ்கின்றனர். படிப்பை முடித்து வேலை தேடும் பிள்ளையிடம் அவர்கள் முதலில் கேட்பது, ஓய்வூதியம் உண்டா என்பதே. நம் பல்கலைக்கழக வளாகத்திலோ முதற்கேள்வி, ஆண்டுக்கு எத்தனை இலட்சம் என்பது. யாருக்குக் கீழே வேலை என்று கேட்போர் இரு பக்கத்திலும் அரியர். அப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஜம்ஷெட்ஜியின் வாழ்க்கையைவிட நல்ல சான்று எனக்குத் தென்படவில்லை.

1839 மார்ச் 3 அன்று குஜராத்தின் நவசாரியில், பார்சி குருமார் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை நசர்வான்ஜி, குலத்தொழிலை விட்டுப் பம்பாய் சென்று வணிகம் செய்தவர். மகன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858-இல் வெளிவந்தார். அடுத்த ஆண்டே தந்தையின் வணிகத்துக்காகச் சீனக் கடற்கரைக்குச் சென்றார். அவ்வணிகத்தில் பருத்தியோடு அபினும் இருந்தது. பெரியோர் வரலாறுகளில் இத்தகைய பக்கங்களை நாம் தாண்டிச் செல்வது வழக்கம். தாண்டுவதால் அவர்கள் பெருமை கூடிவிடுவதில்லை. 1868-இல் இருபத்தோராயிரம் ரூபாய் முதலில் சொந்த வாணிகம் தொடங்கினார். நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றைப் பம்பாயில் வாங்கிப் பஞ்சாலையாக்கி, இரண்டே ஆண்டுகளில் இலாபத்துக்கு விற்றார். ஆலைத் தொழிலை அருகிருந்து காண லங்காஷயர் சென்றார்.

திரும்பியவர் பம்பாயில் ஆலை வைப்பார் என்றே அனைவரும் எண்ணினர். அன்று பஞ்சாலை என்றால் பம்பாய்தான். அவரோ பருத்தி விளையும் மண்ணுக்கு அருகிலும், இருப்புப்பாதை ஓரத்திலும் இருந்த நாகபுரியைத் தேர்ந்தார். வாங்கிய நிலம் சதுப்பு நிலம். மண் கொட்டி மேடாக்கும் வேலையைக் கண்ட உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர், மண்ணிலே பொன்னைப் புதைக்கும் இம்மனிதருக்கா கடன் என்று மறுத்துவிட்டாராம். 1874-இல் பதினைந்து இலட்ச ரூபாய் முதலீட்டில் நிறுவனம் உருவாயிற்று. 1877 சனவரி 1 அன்று ஆலை ஓடத் தொடங்கியது. அன்றுதான் விக்டோரியா இந்தியாவின் பேரரசி என அறிவிக்கப்பட்டார். ஆலைக்கும் எம்பிரஸ் ஆலை என்றே பெயரிட்டனர்.

அவர் அமர்த்திய மேலாளர் யார் தெரியுமா? பெசோன்ஜி தாதாபாய் மேத்தா. ஜி.ஐ.பி. இரயில்வேயின் சரக்குப் பகுதியில் பணி செய்தவர். நூற்பு நெசவு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தொழில் நுட்பத்துக்கு புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் துணை நின்றார். தொழில் தெரியாதவரை ஏன் தலைமையில் வைத்தார்? நுட்பத்தைக் கற்றுக்கொள்ளலாம், மனிதரை நடத்தும் பண்பை ஆறு மாதத்தில் கற்பிக்க முடியாது என்று ஜம்ஷெட்ஜி கருதியிருக்க வேண்டும். இது என் ஊகமே. ஆனால் நடந்தது அந்த ஊகத்தோடு பொருந்துகிறது. பம்பாயில் இருந்துகொண்டே அவர் அந்த ஆலையை நடத்த முடிந்தது. தேர்ந்தெடுத்த பின் நம்பிப் பொறுப்பை விட்டுவிடுவதும் ஒரு திறமைதான். மணிக்கொரு முறை தொலைபேசியில் கணக்குக் கேட்கும் இன்றைய மேலாளர்கள் சிலரிடம் அது இல்லை.

தொடக்கம் நன்றாக இல்லை. சிக்கனம் கருதி வாங்கிய இயந்திரங்கள் தரத்தில் தாழ்ந்தவை. நல்லவற்றை மீண்டும் வாங்க வேண்டியதாயிற்று. அந்த 1877-ஆம் ஆண்டிலேயே கூலி பற்றிய குறையால் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். இந்தியப் பஞ்சாலை வேலை நிறுத்தங்களில் ஏட்டில் பதிவான முதலாவது அதுவே என்று தொழிலாளர் இயக்க வரலாற்றில் குறிக்கிறார்கள். ஜம்ஷெட்ஜியைப் புகழ்வோர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. எனக்கோ இது முதன்மையாகப் படுகிறது. நான் கீழே சொல்லப்போகும் நன்மைகள் யாவும் அந்த வேலை நிறுத்தத்துக்குப் பின் வந்தவை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. உழவு நிலத்திலிருந்து வந்த மக்கள் திருவிழா என்றால் வரமாட்டார்கள், திருமணம் என்றால் வரமாட்டார்கள், காரணமின்றியும் வரமாட்டார்கள். வராதவன் கூலியைப் பிடி, தண்டம் போடு என்பதே அக்கால ஆலைகளின் மருந்து. ஜம்ஷெட்ஜி வேறு வழி சென்றார். வேலையிலேயே என்ன குறை என்று பார்த்தார். ஒழுங்காக வருவோருக்குப் பரிசளிப்பு விழா நடத்தினார். தொழிலாளர் சேர்த்து வைக்கச் சேமநிதி ஏற்படுத்தினார். ஆலைக்குள் நல்ல காற்று வர வழி செய்தார். காற்றில் ஈரம் சேர்க்கும் கருவிகளையும், தீப்பிடித்தால் தானே நீர் தெளிக்கும் குழாய்களையும் பொருத்தினார்.

இந்த ஈரக் கருவியில் அறிவியல் மாணவனுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பருத்தி இழை ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற அதன் வலிமையும் கூடும். நாகபுரியின் கோடைக் காற்றோ எலும்பையும் உலர்த்திவிடும். உலர்ந்த காற்றில் நூல் அடிக்கடி அறும். அறுந்த நூலை முடிவதிலேயே தொழிலாளியின் நாள் கழியும். காற்றை ஈரமாக்கினால் நூலும் பிழைக்கும், ஆளும் பிழைப்பான். முதலாளியின் இலாபமும் தொழிலாளியின் நலமும் ஒரே கருவியில் சேர்ந்த இடம் அது. எல்லா இடத்திலும் அவை இப்படிச் சேர்வதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

சேராத இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே உரைகல். 1886-இல் அவர் ஓய்வூதிய நிதி தொடங்கினார். 1895-இல், வேலையில் விபத்துக்கு உள்ளானோருக்கு இழப்பீடு தரத் தொடங்கினார். அன்றைய ஆலையில் சுழலும் வார்ப்பட்டையும் பற்சக்கரமும் மறைப்பின்றி இருக்கும். கை போனால் அக்குடும்பத்தின் சோறு போயிற்று. விபத்து இழப்பீட்டுச் சட்டம் நம் நாட்டில் வந்தது 1923-இல். சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில், கை இழந்த ஆளால் இனி இலாபம் இல்லை என்று தெரிந்தும் கொடுத்த பணம் அது. பட்டம் பெற்ற இளைஞரை ஆலையிலேயே பயிற்றுவிக்கும் திட்டமும் அங்கே இருந்தது. படித்தவன் இயந்திர எண்ணெயில் கைவைப்பதை இழிவாகக் கருதிய காலம் அது என்பதை நினைவில் கொள்க.

குர்காவிலும் நொய்டாவிலும் கண்ணாடி மாளிகைகளில் நேர்காணலுக்குச் செல்லும் நண்பர்களை நான் ஒன்று கேட்டுக்கொள்வேன். உங்களுக்கு என்ன தருகிறார்கள் என்பதை அவர்களே சொல்வார்கள். வாயிற்காவலருக்கும், சிற்றுண்டிச்சாலையில் தட்டு எடுப்பவருக்கும் சேமநிதி பிடிக்கிறார்களா, அல்லது ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று கைகழுவி விடுகிறார்களா என்பதை நீங்களே விசாரித்து அறியுங்கள். நாளை உங்கள் உடல்நலம் குன்றினால் உங்களை எப்படி நடத்துவார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஜம்ஷெட்ஜி தொட்டதெல்லாம் துலங்கவில்லை. 1886-இல் பம்பாயை அடுத்த குர்லாவில் நலிந்த தரம்சி ஆலையை மலிவாக வாங்கி, சுதேசி ஆலை என்று பெயரிட்டார். மலிவு என்று வாங்கியது பெருந்தொல்லையாயிற்று. நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களை வரவழைத்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டே அதை நிமிர்த்தினார்.

1892-இல் இந்திய மாணவர் மேல்நாட்டில் உயர்கல்வி பெற உதவும் நிதியை நிறுவினார். பெங்களூரில் அமைந்த இந்திய அறிவியல் கழகம் அவர் தம் சொத்தில் பெரும்பகுதியை ஒதுக்கியதால் எழுந்தது. அது 1909-இல் உருவானபோது அவர் இல்லை. 1904 மே 19 அன்று ஜெர்மனியில் பாத் நௌஹைம் என்னும் ஊரில் காலமாகி, இங்கிலாந்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கனவு கண்ட இரும்பாலைக்கான நிறுவனம் 1907-இல்தான் பதிவாயிற்று. அவ்வாலையில் 1912-இல் எட்டு மணி நேர வேலை நாள் வந்தது. 1920-இல் சம்பளத்துடன் விடுப்பு வந்தது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அவ்விரண்டையும் எல்லோருக்கும் வழங்கியது 1948-இல். நாகபுரி ஆலை நூறாண்டு கடந்தும் ஓடி, 1986-இல் மாநில அரசின் பஞ்சாலைக் கழகத்திடம் சென்று, 2002-இல் மூடப்பட்டது.